நோயாளர் நலச் சங்கங்களின் நிதி, சொத்து அதிகாரங்களை வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
அரசு மருத்துவமனை நோயாளர் நலச் சங்கங்களின் அலுவல் சாரா உறுப்பினர்கள்

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: நோயாளர் நலச் சங்கங்கள் - வங்கிக் கையொப்பம், நன்கொடைக் கருவிகள், நிலம் - தெளிவான அரசாணை வேண்டுதல் - தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் வசதிகளுக்குச் செலவிட அமைக்கப்பட்டு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்கீழ் பதிவான நோயாளர் நலச் சங்கங்களுக்குச் செலவு செய்யும் அதிகாரம் ஏட்டில் இருக்கிறது. காசோலையில்தான் முடங்குகிறது. காசோலையில் கையொப்பமிடும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மாறுதலாகிப் போனதும், அடுத்தவர் கையொப்பமிட வங்கி சங்கத்தின் புதிய தீர்மானம் கேட்கும்; சங்கத் தலைவருக்கு நேரம் கிடைக்கும்வரை கூட்டம் நடக்காது. கணக்கில் பணம் இருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் கடனில் வரும். எனவே கையொப்ப அதிகாரத்தைப் பதவியின் பெயரில் வழங்கும் நிலையான தீர்மானம் ஒன்றை எல்லாச் சங்கங்களும் நிறைவேற்ற வேண்டும். மாதிரிக் கையொப்பப் படிவமும் அடையாளச் சான்றும் பொறுப்பு ஒப்படைப்புக் கோப்பிலேயே சேர வேண்டும். மாற்றுக் கையொப்பதாரராக நிலைய மருத்துவ அலுவலரை அனுமதிக்கலாம்.

நன்கொடைக் கருவிகளில் சிக்கல் வேறு. டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றை வாங்கித் தருவோர் அதற்கான நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அமைப்பையோ, வடிகாலையோ, மாதாமாதம் வேண்டிய டயலைசர் (இரத்த வடிகட்டி), குழாய்களையோ தருவதில்லை. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யார் பணம் கட்டுவது என்று எழுதி வைப்பதுமில்லை. திறப்பு விழா அவசரத்தில் இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால், பழுதான பின் அதைப் பதிவேட்டிலிருந்து கழித்து ஏலம் விடவும் வழியில்லை. ஏட்டில் இல்லாத பொருளை எப்படிக் கழிப்பது? தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும். மின்சுமை, நீர், உதிரிப்பொருள், பராமரிப்புச் செலவு ஆகிய நான்குக்கும் பதில் எழுதிய பிறகே கருவியை ஏற்க வேண்டும். ஏல வருவாய் அந்தந்த மருத்துவமனைச் சங்கக் கணக்கிலேயே சேர வேண்டும்.

நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ சங்கத்துக்கு அதிகாரம் கேட்கவில்லை, கொடுக்கவும் கூடாது. உணவகம், வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றுக்கான குறுகிய கால உரிமம் போதும், அதுவும் திறந்த ஏலத்தில். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் 11 மாத ஒப்பந்தம் போட்டு, ஏலமே விடாமல் அதே நபருக்குப் புதுப்பித்துக்கொண்டே போகும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும்.

தானமாக வந்த நிலங்களில் பத்திரம் பதிவானதோடு வேலை நின்றுவிடுகிறது. பட்டா பழைய பெயரிலேயே இருக்க, கொடுத்தவரின் வாரிசுகள் பிற்பாடு உரிமை கோருகின்றனர். பட்டா மாறுதல், நில அளவை, எல்லைக்கல் ஆகிய மூன்றையும் வருவாய்த் துறையோடு சேர்ந்து முடிக்கக் காலக்கெடு விதித்து ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அலுவல் சாரா உறுப்பினர்கள்