டிக்கெட்டை உட்கார்ந்தபிறகு வாங்கிக்கொள்கிறேனே

டவுன் பஸ் நடத்துநர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வயது 71. போன மாதம் ஓடும் பஸ்ஸுக்குள் விழுந்தேன். முழங்கால் வீங்கியதோடு சரி, பெரிய அடி இல்லை. யார்மேலும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. விழுந்த விதத்தை நீங்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

தோளில் பை, ஒரு கை கம்பியில். நாலு எட்டு வைத்தால் காலி சீட். அதற்குள் டிக்கெட் கேட்டார் நடத்துநர். 13 ரூபாய் டிக்கெட்டுக்கு இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன். "மூணு ரூபா சில்லறையா குடுங்க சார், பத்தா தர்றேன்" என்றார். நியாயமான கணக்குதான். சட்டைப் பையைத் துழாவி, கையில் வந்தது ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று பார்த்தேன். இப்போதைய காசுகளில் அதுவே ஒரு பரீட்சை! கம்பியை எப்போது விட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரேக் போட்டதும்தான் தெரிந்தது, பிடித்திருக்கவில்லை என்று.

முழங்காலைக் காட்டப்போன இடத்தில், பிசியோதெரபி பார்க்கும் பெண் என்னை நடக்கச் சொன்னார். நன்றாகவே நடந்தேன். அப்புறம், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னார். 93, 86... அடுத்து 79 வந்தது, ஆனால் கால் நின்றுவிட்டது.

இளவயதில் நடை தன்பாட்டில் நடக்கும். வயதானபின் கண், உட்காது, பாதத்தின் உணர்ச்சி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்க, நிற்பதற்கும் நடப்பதற்குமே மூளை கவனம் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் கணக்கும் கேட்டால் இரண்டில் ஒன்று தடுமாறும். சுவீடனில் முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரிடம் நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். 1997இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த செய்தி இது.

அடுத்த ஸ்டேஜுக்குள் டிக்கெட் போட்டாக வேண்டும், செக்கிங் ஏறினால் உங்களைத்தான் கேட்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்பது இவ்வளவுதான்: நரைத்த தலை ஏறினால், உட்காரும்வரை ஒன்றும் கேட்காதீர்கள். இடமில்லையென்றால் கம்பியைப் பிடித்து நிலையாக நிற்கட்டும், பிறகு கேளுங்கள். "பார்த்து வாங்க, பார்த்து வாங்க" என்று அன்பாகச் சொல்வதுகூட அந்த நாலு எட்டுக்கு வேண்டாம். திரும்பி உங்களைத்தான் பார்ப்போம். ஓட்டுநர் ஐயா, அதுவரை 'ரைட்' கொடுத்தாலும் கொஞ்சம் மெதுவாகவே எடுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே பஸ்ஸில்தான் வருவேன். 13 ரூபாயை வீட்டிலேயே எண்ணித் தனியாக முடிந்துவைத்திருப்பேன். உட்கார்ந்ததும் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்படியில் ஏறும் ஒரு பயணி