வெட்டப்பட்ட கறுப்பு ஓரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இருமுறை படித்தேன். அவருக்கு ஒரு தமிழ் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், உடன் வெளியான, உடம்பில் தேனீக்கள் மொய்க்க நிற்கும் தேனீ வளர்ப்பவரின் படத்தில், சுற்றிலும் இருக்க வேண்டிய கறுப்பு ஓரம் பத்தியின் அகலத்துக்காக வெட்டப்பட்டிருந்தது. 35 ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

அந்த ஓரம் அழகுக்காகப் போட்ட கட்டம் அன்று. 8-க்கு 10 அங்குல ஃபிலிமின் விளிம்பில் ஒளி படுவதில்லை. கழுவியபின் நெகட்டிவில் அந்தப் பகுதி கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். தாளில் பிரிண்ட் போடும்போது அதுவே கறுப்பாக விழும். அதை விட்டுவைப்பதன் பொருள், எடுத்த படம் முழுவதும் இங்கே இருக்கிறது, இருட்டறையில் எதுவும் நறுக்கப்படவில்லை என்பதாகும்.

1979 முதல் 1984 வரை, ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அலைந்து, சுரங்கத் தொழிலாளர்களையும் எண்ணெய் வயல் ஆட்களையும் வேலையின்றி ஊர் ஊராகத் திரிந்தவர்களையும் அவர் படமெடுத்தார். நிழலான இடத்தில் வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டு, அதன் முன் ஆளை நிறுத்தி, கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் அதன் பக்கத்திலேயே நின்று, எதிரிலிருப்பவரின் கண்ணை நேராகப் பார்த்தபடி எடுத்தார். மலையும் சாலையும் மறைந்துவிட, கை நகத்திலிருக்கும் கரி மட்டும் கண்ணில் படுகிறது.

தங்கள் கட்டுரை தேனீப் படத்தைத் தற்செயலாகக் கிடைத்த காட்சி என்கிறது. அது சரியன்று. தேனீ வளர்ப்போருக்கான ஓர் இதழில் விளம்பரம் கொடுத்து ஆளைத் தேடி, காட்சியை முன்பே வரைந்து பார்த்து, ராணித் தேனீயின் வாசனைப் பொருளை அவர் மேல் தடவித் தேனீக்களை வரவழைத்து, 1981-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த படம் அது. அமெரிக்க மேற்கு மாநிலங்களின் மக்களைத் தம் விருப்பப்படி சோகமாகக் காட்டிவிட்டார் என்று அவெடன் மீது அன்றே குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஆனாலும், படத்துக்குள் எது வர வேண்டும் என்ற முடிவை இருட்டறையில் அல்ல, கேமராவுக்கு முன்னால் வைத்தே எடுத்தவர் அவர். அதற்குச் சாட்சி அந்த ஓரம்தான்.

ஃபேஷன் படம் எடுத்த அவெடன் ஒருவர், முகங்களை எடுத்த அவெடன் வேறொருவர் என்பது போலக் கட்டுரை எழுதப்பட்டிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1942-இல் வணிகக் கப்பற்படையில் சேர்ந்த அவர், தந்தை வாங்கித் தந்த ரோலிஃப்ளெக்ஸ் கேமராவுடன் போய், அங்கே மாலுமிகளை அடையாள அட்டைக்காகப் படமெடுத்தார். பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைத்த எங்களைப் போன்றவர்களுக்கு அது நன்கு தெரிந்த வேலை. பின்னர் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ என்ற ஃபேஷன் இதழுக்காக மாடல்களைப் பாரிஸ் தெருக்களில் ஓடவும் குதிக்கவும் வைத்தார். 1955-இல் பாரிஸ் சர்க்கஸ் கூடம் ஒன்றில் மாடல் டோவிமா யானைகளிடையே நிற்கும் புகழ்பெற்ற படத்தில், டியோர் நிறுவன உடையின் வெள்ளைத் துணிப்பட்டை வழிந்து இறங்குவதைப் பார்ப்பவர்கள், யானையின் காலில் கிடக்கும் சங்கிலியையும் பார்க்க வேண்டும். அதை அவர் மறைக்கவில்லை. 1957-இல் மர்லின் மன்றோ ஆடிப் பாடி ஓய்ந்து, சிரிப்பு வடிந்து உட்கார்ந்த கணத்தைப் பதிவுசெய்ததும் அதே கண்தான்.

தன் தந்தை ஜேக்கப் நோயில் தேய்வதை 1973 வரை சில ஆண்டுகள் அவர் தொடர்ந்து படமெடுத்தார். கோட்டு அணிந்த முதியவராகத் தொடங்கும் அந்த வரிசை, மருத்துவமனை அங்கியில் முடிகிறது. 1974-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. பெற்றோரின் படங்களைக் கொண்டுவந்து, சுருக்கங்களை எடுத்துவிடுங்கள் என்று கேட்ட பிள்ளைகளுக்காக நானும் நெகட்டிவில் பென்சிலால் எத்தனையோ முறை டச்சிங் செய்திருக்கிறேன். அந்த வரிசையை ஒரு புத்தகத்தில் பார்த்த பிறகு, ஒரு தாயின் கழுத்துச் சுருக்கத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அந்த மகனிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவெடன் நியூயார்க்கில் காலமானதாக எழுதியிருக்கிறீர்கள். 2004 அக்டோபர் 1 அன்று, ‘நியூ யார்க்கர்’ இதழுக்கான படப்பணியின்போது நோயுற்று, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அவர் இறந்தார். இந்தத் திருத்தத்தை வெளியிடும்போது, தேனீ வளர்ப்பவரின் படத்தையும், தபால் தலை அளவில் ஆனாலும் சரி, நான்கு ஓரங்களும் தெரியும்படி மீண்டும் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ புகைப்படக்காரர்,
கும்பகோணம்.