என் ஆய்வுக்குக் கைகொடுத்த கடலூர் மாவட்டத்தாருக்கு நன்றி மடல்

அன்புள்ள ஒன்பதாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, ஆசிரியர்களே, ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

பள்ளி அறிவியலில் மாணவர் ஆர்வத்தை வளர்ப்பது பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்துவிட்டேன். அதன் முன்பக்கத்தில் நன்றியுரை உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, உங்களில் பலர் கைக்கு வரவும் போவதில்லை. ஆகவே இந்த மடல்.

முதல் நன்றி பிள்ளைகளுக்கு. “எதைத் தெரிஞ்சுக்க ஆசை?” என்று கேட்டுத் தாள் கொடுத்தேன். “அக்கா, இதுக்கு மார்க் உண்டா?” என்றீர்கள். இல்லை என்றதும் எழுதத் தொடங்கினீர்கள். பலாப்பிசின் தண்ணீருக்குப் போகாமல் எண்ணெய்க்கு மட்டும் போவது ஏன் என்று பண்ருட்டியில் கேட்டீர்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் ராப்பகலாக இறைக்கும் தண்ணீர் எங்கிருந்து ஊறுகிறது என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டீர்கள். எல்லாமே பாடநூலில் விடை உள்ள கேள்விகள்தாம். பாடம் மட்டும் வேறெங்கிருந்தோ தொடங்குகிறது.

பாடத்தை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஆர்வம் மாறும் என்பதை ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். ஆழத்திலிருந்து எண்ணெய் இறைக்கும் பம்பு, ரத்தத்தை இறைக்கும் இதயம் இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே. இதயத்தை வைத்துக் கேட்டபோது பெண் பிள்ளைகளின் ஆர்வம் வெகுவாகக் கூடியது. பையன்களின் ஆர்வமும் குறையவில்லை. இந்தக் கட்டுரையை என்னிடம் தந்து, “நம்ம ஊர்ல இதுக்கு என்ன வைப்பே?” என்று கேட்ட என் நெறியாளருக்கு என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு விடை தந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்கா. ‘பாய்மங்கள்’ பாடத்துக்காக ரத்த அழுத்தக் கருவியோடு வகுப்புக்கே வந்தார். தலைமையாசிரியர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றி, மெல்ல இறக்கினார். ஸ்டெதஸ்கோப்பில் ஓசை எழும் இடம் மேல் அளவு, அடங்கும் இடம் கீழ் அளவு என்று ஒவ்வொருவரையும் கேட்கவைத்தார். அப்போது பின்வரிசைத் தங்கை ஒருத்தி எழுந்து, “காத்தோட அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்னு படிச்சோமே, ரத்தத்துக்கு 120தானே? அப்புறம் எப்படி வெட்டுப்பட்டா ரத்தம் வெளியே வருது?” என்றாள். கருவி காட்டும் 120, காற்றின் அழுத்தத்துக்கு மேலே உள்ள கூடுதல் மட்டுமே. கூட்டினால் 880 என்று அறிவியல் ஆசிரியர் பலகையில் எழுதிக் காட்டினார். மணி அடித்தும் யாரும் எழவில்லை. தங்கையே, உன் கேள்வி என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் அப்படியே இருக்கிறது.

தேவனாம்பட்டினத்து மீனவப் பெரியவருக்கும் தனி வணக்கம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்றைச் சொல்லிக்கொடுத்தீர்கள். விடியலில் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பிய கட்டுமரக் காலத்தைச் சொன்னீர்கள். நிலம் கடலைவிட விரைவில் சூடாகி விரைவில் ஆறும் என்ற பாடத்தைப் பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்டது பெரும் பேறு.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆர்வம் நான்கு கட்டமாக வளர்கிறது என்று ஹிடி, ரென்னிங்கர் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் எழுதினார்கள். முதல் கட்டம் தூண்டப்படுவது, அடுத்தது நிலைப்பது. தூண்டுவதற்கு என்னைப்போல் வெளியாள் போதும். நிலைக்கவைப்பவர்கள் நீங்கள்தான். நான் போன பின்னும் பிள்ளைகளின் கேள்விகளைப் பலகையோரம் எழுதிவைத்துப் பாடத்தைத் தொடங்கும் உங்களுக்கு வெறும் நன்றி போதாது.

அனுமதி தந்த கல்வி அலுவலர்கள், பாடவேளை ஒதுக்கிய தலைமையாசிரியர்கள், வினாத்தாள்களை இரவோடு இரவாக அடித்துக்கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன், மதியம் சாப்பிடாமல் விடாத சத்துணவு அம்மாக்கள் அனைவருக்கும் நன்றி.

பிள்ளைகளின் கேள்விகளையும் அவற்றுக்கான செய்முறைகளையும் தமிழில் தொகுத்துவருகிறேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பள்ளி நூலகத்துக்கும் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆய்வு மாணவி