ஓர் எழுத்துக்காக உழைத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் மலையகக் குடும்பங்களின், அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர் குடும்பங்களின், குடியுரிமைத் தாள்களைச் சேர்த்து அடுக்க உதவிய எல்லோருக்கும் இந்த மடல்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த வம்சாவளியினரில் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். விட்டுப்போன 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தேயிலை பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1984-இல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் வந்துகொண்டிருந்த கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தும் ஏற முடியாமல் போனவர்களில் சிலர், பிறகு அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். இங்கே பதிவேட்டில் இலங்கையர் ஆனார்கள்.

அதனால்தான் தாத்தாவின் தாள் பேரனுக்கு வேண்டியிருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால், அப்போது தாயோ தகப்பனோ இந்தியக் குடியுரிமை உள்ளவராக இருந்ததைக் காட்ட வேண்டும். பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் அன்று கொடுத்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இங்கேதான் கைகொடுக்கின்றன.

கோப்பு பெரும்பாலும் பெயரில்தான் இடறும். தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் வேலைப் பதிவேட்டில்) ‘மாரியாய்’, கடவுச்சீட்டில் ‘மாரியாயி’, முகாம் அட்டையில் ‘மாரியம்மாள்’. மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் மட்டும் சொன்னால் எடுபடாது. தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர் மூன்றும் பொருந்தும் இன்னொரு பழைய தாள் கூடவே வேண்டும். அதற்காகப் பரணில் கிடந்த பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கிப் பக்கம் பக்கமாகத் தேடிய தலைமையாசிரியர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கட்டணம் வாங்காமல் கையொப்பமிட்ட நோட்டரி ஐயாவுக்கும், சிங்களத்தில் இருந்த பிறப்புச் சான்றுகளை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்ன பெரியவருக்கும் எங்கள் வணக்கம்.

ஜெராக்ஸ் கடை அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மடிப்பில் இற்றுப்போன கடவுச்சீட்டை அவர் உருளையில் விடவே இல்லை. கண்ணாடி மேல் பரப்பி, வெள்ளைத் தாளை மேலே வைத்து, முத்திரை விழுந்த பின்பக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்தார். லேமினேட் செய்யச் சொன்னவர்களையும் தடுத்தார். சூட்டில் பழைய மை மங்கும். ஒட்டிய பிறகு தாளை உரிக்கவும் முடியாது.

இலங்கைக்கே திரும்ப நினைக்கும் குடும்பங்களுக்கு இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரும் 2003-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டமும், இந்தியாவுக்கு வந்துவிட்டவர்களையும் அதில் சேர்த்த 2009 திருத்தமும் இருக்கின்றன. இங்கே பிறந்த குழந்தையைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் குறையும். கைக்குழந்தைக்காரிகளோடு இரவுப் பேருந்தில் துணைக்குப் போய்வந்த அக்காமாருக்கு நன்றி.

அசல் தாள்கள் எல்லாம் உரியவர் கைக்கே திரும்பிவிட்டன. நகல் கட்டு விடுபட்டவர்கள் முகாம் தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆவண உதவிக் குழுவினர்