ஆற்றுக்கு முன்னால் ஒரு ஆறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்ப் நின்றுபோனது. திறந்து பார்த்தால், கழிப்பறையில் போடலாம் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்களே, அந்த ஈரத் துடைப்பான்கள் வடக்கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன. இரண்டு நாள் எல்லோருக்கும் அதே வேலை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஓடுகிற தண்ணீர் தானே சுத்தமாகிவிடும், இத்தனை தொட்டியும் மின்சாரமும் எதற்கு என்று கேட்டிருந்தாய். சுத்தமாகும் என்பது உண்மைதான். ஆனால் அழுக்கு சும்மா கரைந்து காணாமல் போவதில்லை. தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கணக்கு இங்கேதான் உதைக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் வேலை செய்ய ஐந்தே நாளில் பாக்டீரியாக்களுக்கு 200 மில்லிகிராம் வரை தேவைப்படும். அதாவது ஒரு குடம் சாக்கடை, 25 குடம் ஆற்று நீரின் மூச்சை இழுத்துவிடும். காற்றிலிருந்து மறுபடி கரையும்தான், ஆனால் மெதுவாக. அதுவரை மீன் தாங்குமா? ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை பாக்டீரியாக்கள் வந்து சேரும். அழுகின முட்டை நாற்றமும் கறுத்த நீரும் அவற்றின் கைவேலை. 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில், நாடாளுமன்றத் திரைச்சீலைகளையே பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள்.

ஆற்றின் அதே வேலையைத்தான் நாங்களும் செய்கிறோம், ஆற்றுக்குப் போய்ச் சேரும் முன்பே. கம்பித் தடுப்பில் துணியும் பிளாஸ்டிக்கும் நிற்கும், அடுத்து மணல் படியும், அப்புறம் இரண்டு மணி நேரம் போல அமைதியாக விட்டால் கனமானது அடியில் தங்கும். வாளித் தண்ணீரைத் தெளியவிடுகிற கதைதான்.

அதற்கடுத்த தொட்டிதான் எனக்குப் பிடித்தது. செம்மண் குழம்பு நிறத்தில் கொதிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் சூடே இல்லை. அடியிலிருந்து புளோயர் காற்றை ஊதுகிறது. நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதியோ அதற்கு மேலோ இந்தக் காற்றுக்கே போய்விடும். ஆற்றில் நாள்கணக்கில் நடப்பது இங்கே சில மணி நேரத்தில் முடிகிறது. காற்று மட்டும் இருந்தால் அது நடக்காது. மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரில் காற்றை ஊதிப் பார்த்தபோது, முழுதாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. அடியில் தங்கிய, பாக்டீரியாக்கள் நிறைந்த கசடைக் கொட்டிவிடாமல் அதன்மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, வாரங்கள் ஒரு நாளுக்குள் சுருங்கின. அதை 1914இல் வெளியிட்டார்கள். உறை ஊற்றுகிற மாதிரிதான், மல்லிகா! இன்றும் காற்றுத் தொட்டிக்கு அடுத்து இருக்கும் தெளிவுத் தொட்டியில் தங்கும் கசடில் பெரும்பகுதியைப் பம்ப் வைத்துக் காற்றுத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறோம். மிஞ்சுவதை மூடிய தொட்டியில் காற்றில்லாமல் மூன்று வாரம் போலப் புளிக்கவிட்டால் மீத்தேன் வரும்; அதை எரித்துக் கொஞ்சம் மின்சாரம் எடுக்கலாம்.

தெளிந்து வெளியே போகும் நீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நைட்ரஜனும் பாஸ்பரசும் கண்ணுக்குத் தெரியாமல் அதில் கரைந்திருக்கும். வயலுக்கு உரமாவது ஏரிக்கும் உரம்தானே, பாசி மண்டும். அது செத்து அழுகும்போது மறுபடியும் ஆக்சிஜன் போகும். அம்மோனியாவோ மீனுக்கு நேரடியாகவே விஷம். அதை நைட்ரேட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட இன்னொரு வகை. முதல் வகைக்குக் காற்று வேண்டும், இரண்டாவதுக்குக் காற்றே ஆகாது. இந்த இரண்டு மாமியார்களுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. நாம் விழுங்கும் மாத்திரைகளின் மிச்சம் வேறு இருக்கிறது; அதில் பலவற்றை இந்தத் தொட்டிகள் முழுதாகப் பிடிப்பதில்லை. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அதுதான்.

நீ வருவதாக எழுதியிருக்கிறாய். காலை நேரமாகப் பார்த்து வா. மூக்கு பத்து நிமிஷத்தில் பழகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்து வோர்ட்டிசெல்லா என்ற நுண்ணுயிரைக் காட்டுகிறேன்: காம்பின் நுனியில் சின்ன மணி, ஏதாவது பட்டால் காம்பு ஸ்பிரிங் மாதிரி வெடுக்கென்று சுருங்கும். அது கூட்டமாக இருந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நேற்று எண்ணிக்கொண்டே இருந்து சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டேன்.

உன்,
கௌரி