ஞாயிறு காலை காட்சிக் கோபுரம் ஏறுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் வேன் நிற்கும். கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போகிறோம். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வரலாம். வீட்டுக்கு ஒரு பெரியவர் கட்டாயம் கூட வரவேண்டும்.

நம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்ப்பது வரிசை வரிசையாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்கள்தான். காடு என்றாலே அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாக மனதை உறுத்துகிறது. பூங்காவில் இருக்கும் காட்சிக் கோபுரத்தில் ஏறினால், கீழே நின்று அண்ணாந்து பார்த்த மரக்கிளை கண்ணுக்கு நேராக வந்துவிடும். லோத்தோங் குரங்குகளைத் தேடுங்கள். தாய் சாம்பல் நிறம், மடியில் இருக்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு! சில மாதங்களில் அதுவும் சாம்பலாக மாறிவிடும். போன முறை என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் மூச்சுவிடாமல் பார்த்தாள்.

இறங்கியதும் சதுப்புநிலம். சேற்றில் துள்ளும் மீன், ஈரத் தோல் வழியாகவும் மூச்சுவிடும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு ஆண் நண்டு.

குரங்குகளுக்குத் தீனி போடவே வேண்டாம், பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அப்புறம், கோபுரத்தில் ஒரு தடவைக்கு ஐந்து பேர்தான். இடி இடித்தால் ஏறமாட்டோம். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, பென்சில், நோட்டு எடுத்து வாருங்கள். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் பெரிய உதவி. வியாழனுக்குள் இங்கேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.