விடுதலைப் பத்திரத்தில் விடுதலை யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சொத்துப் பத்திரங்களில் வரும் சொற்களுக்கு அர்த்தம் போட்டிருந்தீர்கள். வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் விடுதலைப் பத்திரம் என்பதை ‘கூட்டுச் சொத்தில் தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஆவணம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லால் எங்கள் குடும்பத்தில் மூன்று பெண்களின் பங்கு போயிருக்கிறது.

தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் ஆறு மா. (எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர்.) உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்தார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, மாமா, அம்மா, சித்தி நான்கு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு ஒன்றரை மா. இது பெண்கள் மூவருக்கும் தெரியாது. காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, ‘பின்னால வில்லங்கம் வரக்கூடாது பாரு, ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுடலாம்’ என்று மாமா கூப்பிட்டார். மூவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, எதிர் ஓட்டலில் காபி குடித்துவிட்டு வந்தார்கள். தாத்தாவின் கடன் கிடன் ஏதாவது இருந்தால் அதிலிருந்து தங்களுக்கு விடுதலை என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்! ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

சித்தப்பா இறந்த பிறகு சித்தி பங்கு கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பதிவான பத்திரம். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வழக்கையும் விஷயம் தெரியவந்த மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். சித்தி போகவில்லை. கூடப் பிறந்த அண்ணன் மேல் கேஸ் போடுவதா என்று விட்டுவிட்டாள்.

வாய்ப்பேச்சில் ஓர் அர்த்தமும் பத்திரத்தில் இன்னோர் அர்த்தமுமாக நிற்கும் இந்த மாதிரிச் சொற்களுக்குக் கூடுதல் இடம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். செட்டில்மென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது கணக்குத் தீர்ப்பது, ரிட்டையர் ஆகும்போது கைக்கு வருகிற தொகை. பத்திரத்தில் அது தானம். பதிவாகி, தானம் பெறுபவர் ஏற்றுக்கொண்டதுமே சொத்து கைமாறிவிடுகிறது. உயிலை மனம் மாறினால் மாற்றி எழுதலாம், இதை முடியாது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. கிரயம் என்றால் ஏழு சதவீதம். அந்த மலிவைப் பார்த்துவிட்டு, இருக்கிற ஒரே வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பார்த்துக்கொள்ளாவிட்டால், 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவைக் காட்டி கோட்டாட்சியரிடம் ரத்து செய்யக் கேட்க அது உதவும்.

அப்புறம் வில்லங்கச் சான்று. ‘வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல’ என்று தரகர் சொன்னால் நிம்மதியாக முன்பணம் கொடுத்துவிடுகிறோம். நாம் கேட்ட வருடங்களில், நாம் கொடுத்த சர்வே எண்ணில், பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் அது. தாத்தா இறந்ததோ, நான்கு வாரிசுகள் இருப்பதோ அதில் வராது. கோர்ட்டில் நடக்கிற வழக்கு அதில் இல்லாமல் போகலாம். உயிலைப் பதிவு செய்திருந்தாலும் அது ஏறுவது வேறு புத்தகத்தில். சான்று அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

பட்டா மட்டும் இருந்தால் நிலம் சொந்தமாகிவிடாது என்று நீங்கள் எழுதியது சரிதான். ‘பட்டா என் பேர்ல இருக்கு, அதனால நிலம் என்னுது’ என்று சொல்வதைத்தான் ஊரில் நிறுத்த முடியவில்லை. அது வருவாய்த்துறைக் கணக்கு. கிரயம், பாகம், தானம் என்று நிலம் எப்படி வந்தது என்பதற்கு மூலப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சி வேண்டும். 1980களில் யுடிஆர் என்ற, நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் கணக்கெடுப்பு நடந்தபோது பேர் மாறிப்போன பட்டாக்களைத் திருத்த இன்னமும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறவர்கள் உண்டு. பவர் பத்திரம் (நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பது) பற்றி ஒன்றே ஒன்று: பவர் எழுதி வாங்கிவிட்டால் இடம் சொந்தமாகிவிடாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்த முறை விடுதலைப் பத்திரத்தையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் அருகருகே வைத்து விளக்குங்கள். பாகப்பிரிவினையாக இருந்திருந்தால் ‘எனக்கு எந்தப் பக்கம்?’ என்றாவது அம்மா கேட்டிருப்பாள்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயர் வேண்டாம். மாமா உங்கள் இதழுக்குச் சந்தா கட்டுகிறவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி